புனைமொழிக்கு வேற்றுமை எந்த வழியில்?

புனைமொழி, அதாவது ஒருவர் தானாகவே கற்பனையில் கட்டும் மொழி, உருவாக்குகிறவர்கள் பெரும்பாலும் ஒலிகளில் தொடங்குவார்கள். அடுத்து எழுத்து வடிவம், அப்புறம் நூறு இருநூறு சொற்கள். அதுவரை வேலை உற்சாகமாகப் போகும். ஒரே வாக்கியத்தில் இரண்டு பெயர்ச்சொற்கள் சேர்ந்து வரும்போதுதான் கை நிற்கும். வேடன் ஒருவன், மான் ஒன்று, பார்த்தல் என்றொரு செயல். பார்த்தது யார், பார்க்கப்பட்டது எது? கேட்பவருக்கு இதை எப்படித் தெரிவிப்பது?

தமிழில் 'ஐ' என்ற ஓர் உருபு இந்த வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிடுவதால் நமக்கு இது கேள்வியாகவே தோன்றுவதில்லை. ஆனால் உலக மொழிகளிலும் இதுவரை புனையப்பட்ட மொழிகளிலும் ஐந்து வழிகளாவது உண்டு: சொற்களின் வரிசை, தனியாக நிற்கும் இடைச்சொல், பெயரோடு ஒட்டும் உருபு, பெயரின் ஈறே உருமாறுவது, வினைச்சொல்லில் அடையாளம் வைப்பது. எதைத் தேர்ந்தாலும் அது மொழியின் மற்ற பகுதிகளையும் தன் பக்கம் இழுக்கும். சொற்களின் நீளம், பாட்டின் ஓசை, வரிசையை மாற்றிப் பேசும் சுதந்திரம், கற்பவர் மனப்பாடம் செய்யவேண்டியது எவ்வளவு என்பது எல்லாம் இங்கேதான் பாதி முடிவாகின்றன. ஐந்நூறு வாக்கியம் எழுதிய பிறகு மனம் மாறினால் ஐந்நூறையும் திரும்ப எழுத வேண்டியதுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதைக்காகவோ சொந்த மகிழ்ச்சிக்காகவோ மொழி செய்கிறவர் ஒட்டும் உருபுகளில் ஐந்தாறை மட்டும் வைத்துக்கொண்டு, அவை எப்போது வரும், எப்போது வராது என்பதில் உழைப்பைக் கொட்டுவது நல்லது. நடிகர்கள் பேசவேண்டிய மொழி, பல நாட்டவர் கற்கவேண்டிய மொழி என்றால் கணக்கு வேறு.

சோதனைக்கு மூன்று சொற்களை வைத்துக்கொள்வோம். ஸெரு: வேடன். லொக்கா: மான். மிதே: பார்த்தல். காலம், பால் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

வரிசை

இருப்பதிலேயே செலவு குறைந்த வழி இது. 'ஸெரு மிதே லொக்கா' என்றால் வேடன் மானைப் பார்த்தான். 'லொக்கா மிதே ஸெரு' என்றால் மான் வேடனைப் பார்த்தது. பெயர்கள் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே நிற்கின்றன. சீனமும், பிரதிப்பெயர்களை ஒதுக்கிவிட்டால் ஆங்கிலமும் இந்த வகைதான். பன்னாட்டுப் பொதுமொழியாக 1951-இல் வெளியிடப்பட்ட இன்டர்லிங்குவாவும் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமையே வேண்டாம் என்று விட்டுவிட்டது.

வரிசையை நம்பினால் மொழி சலிப்பாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஸ்டார் டிரெக் படங்களுக்காக மார்க் ஒக்ரண்ட் உருவாக்கிய கிளிங்கானில் (அதன் அகராதி 1985-இல் வந்தது) செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில். 'புக்' குழந்தை, 'யாஷ்' அதிகாரி, 'லெக்' பார்த்தல் என்று தோராயமாக ஒலித்துப் பாருங்கள்: 'புக் லெக் யாஷ்' என்றால் அதிகாரி குழந்தையைப் பார்க்கிறார். உலக மொழிகளில் இந்த வரிசை மிக அரிது. பிரேசிலின் ஹிஷ்கரியானா போன்ற சிலவற்றில்தான் உண்டு. வேற்றுக்கிரகத்தார் பேசுவது மனித மொழிபோல ஒலிக்கக்கூடாது என்பதால் ஒக்ரண்ட் வேண்டுமென்றே அரிய வரிசையை எடுத்தார். ஓர் உருபுகூடச் செலவழிக்காமல் அந்நியத் தன்மை வந்துவிட்டது.

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. வரிசையைப் பொருளுக்குச் செலவழித்துவிட்டால் அழுத்தத்துக்கு மிச்சம் எதுவும் இல்லை. 'மானை வேடன் பார்த்தான்' என்று சொல்லை முன்னால் நகர்த்தி நாம் எளிதாகச் செய்வதை இந்த மொழியில் செய்ய முடியாது. அதற்கென்று தனி அடையாளம் தேவைப்படும். தவிர, வரிசை இரண்டு பெயரைத் தாங்கும், கொஞ்சம் தள்ளாடியபடி மூன்றைத் தாங்கும். 'வேடன் மகனுக்காகக் காட்டிலிருந்து கயிற்றால் மானை இழுத்து வந்தான்' என்ற இடத்தில் வரிசை கைவிட்டுவிடும். கிளிங்கானே இதற்குச் சாட்சி. எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் உருபு இல்லாத அந்த மொழியில் இடம், நீங்கல், காரணம், பயன்பெறுபவர், அழுத்தம் ஆகிய ஐந்துக்கும் பின்னொட்டு உண்டு. ஆக 'வேற்றுமையே இல்லாத மொழி' என்று சொன்னாலும் வேற்றுமையின் வேலையை யாராவது செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

நடிகர்கள் வாயில் நுழையவேண்டிய மொழிக்கு இந்த வழியையே சொல்வேன். பாகுபலி படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி போல, போர்க்களத்தில் கத்திப் பேசும் சின்னச் சின்ன வசனங்கள்தான் தேவை என்றால் ஒலியும் வரிசையும்தான் பார்வையாளரின் காதுக்குப் போய்ச் சேரும். அங்கே எட்டு உருபை ஒளித்துவைத்தால் அதை ரசிக்க உங்களைத் தவிர ஆளில்லை.

தனியாக நிற்கும் இடைச்சொல்

வரிசைக்கும் உருபுக்கும் நடுவில் உள்ள வழி. 'ஸெரு மிதே ஏ லொக்கா' என்று வைத்து, 'ஏ' வந்தால் அடுத்து வருவது செயப்படுபொருள் என்று விதி செய்யலாம். சோன்யா லாங் 2001-இல் வெளியிட்ட டோக்கி போனா இப்படித்தான். மொத்தம் 120-ஐ ஒட்டிய சொற்கள் மட்டுமே உள்ள அந்த மொழியில் 'யான் லி லுகின் எ சோவெலி' என்றால் ஆள் விலங்கைப் பார்க்கிறார். 'லி' பயனிலையைத் தொடங்கிவைக்கிறது, 'எ' செயப்படுபொருளைத் தொடங்கிவைக்கிறது. ஜப்பானிய மொழியில் இதே வேலையைப் பெயருக்குப் பின்னால் வரும் 'கா', 'ஓ' என்ற இடைச்சொற்கள் செய்கின்றன.

பெயர்ச்சொல் கெடாமல் இருப்பது இதன் பெரிய வசதி. எந்த ஒலியில் முடிந்தாலும் சரி, கடன்சொல்லானாலும் சரி, புணர்ச்சி விதி எழுதவேண்டிய அவசியமே இல்லை. கற்பவருக்கும் நல்லது. குறை என்று பார்த்தால், பக்கம் முழுக்க ஓரெழுத்துச் சொற்கள் இறைந்து கிடக்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கு அவ்வளவாக இல்லை. பலரும் கற்கவேண்டிய பொதுமொழிக்கு ஐந்தில் இதுதான் முதலிடம்.

ஒட்டும் உருபு

'ஸெரு லொக்கான் மிதே.' இங்கே 'ன்' செயப்படுபொருள் உருபு. இனி மூன்று சொற்களையும் ஆறு விதமாகவும் அடுக்கலாம், பொருள் மாறாது. தமிழ், துருக்கி, பின்னிஷ், ஹங்கேரியன் எல்லாம் இந்தக் குடும்பம். புனைமொழிகளில் டோல்கீனின் க்வென்யா பேர்போனது. பின்னிஷ் மொழியின் மேல் அவருக்கு இருந்த பிரியம் அதன் உருபுகளில் நன்றாகவே தெரியும்: நோக்கிப் போவதற்கு 'ன்னா', நீங்கி வருவதற்கு 'ல்லோ', இருக்கும் இடத்துக்கு 'ஸ்ஸே'. வாயில் போட்டு உருட்டிப் பார்க்கவே நன்றாக இருக்கும்.

இந்த வழியில் ஓர் உருபுக்கு ஒரு வேலை, எல்லாப் பெயருக்கும் அதே உருபு. மரத்தை, மரங்களை, மக்களை: 'ஐ' எங்கும் மாறவில்லை. முழு அமைப்பையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் ஒரு பொறி உண்டு. நமக்குப் பழகிய எட்டு வேற்றுமையை அப்படியே எடுத்து, ஐ, ஆல், கு, இன் எல்லாவற்றுக்கும் வேறு ஒலியை மாட்டிவிட்டால் கிடைப்பது மாறுவேடம் போட்ட தமிழ்தான். தப்பிக்க ஒரே வழி, ஒவ்வோர் உருபும் உண்மையில் என்னென்ன வேலை செய்கிறது என்று பிரித்து எழுதிப் பார்ப்பது. 'கு'வையே எடுத்துக்கொள்ளுங்கள். மகனுக்குக் கொடுத்தான், ஊருக்குப் போனான், ஆறு மணிக்கு வந்தான், எனக்குப் பசிக்கிறது, அவனுக்குத் தம்பி. கொடை, நோக்கிச் செல்லுதல், காலம், உணர்வு, உறவு என்று ஐந்து வெவ்வேறு வேலைகள் ஓர் உருபின் தலையில். இவற்றை ஒன்றாகக் கட்டவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பின்னிஷில் வீட்டுக்குள் போவதற்கு ஓர் உருபு, மேசைமேல் போவதற்கு இன்னோர் உருபு. அங்கே பசி 'எனக்கு' வருவதில்லை. 'என்மேல்' அல்லது 'என்னிடம்' என்று சொல்லத்தக்க உருபோடு இருக்கிறது. உடைமைக்கும் அதே உருபுதான். உங்கள் மொழியில் பசி எந்த உருபோடு வருகிறது, பயம் எந்த உருபோடு வருகிறது, தம்பி எந்த உருபோடு வருகிறான் என்று தீர்மானித்தாலே அது தமிழிலிருந்து நிறையத் தள்ளிப் போய்விடும்.

எட்டு என்ற எண்ணையும் ரொம்பப் புனிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'வேற்றுமை தாமே ஏழென மொழிப' என்று தொடங்கும் தொல்காப்பியம், விளியையும் சேர்த்தால் எட்டு என்று அடுத்த நூற்பாவிலேயே சொல்கிறது. மூன்றாம் வேற்றுமை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் கருவிப்பொருளும் ('கத்தியால்') உடனிகழ்ச்சிப் பொருளும் ('தம்பியோடு') அடங்கும். இன்றைய மொழியியலாளர் பலர் இரண்டையும் இரண்டாகவே எண்ணுகிறார்கள். 'கொண்டு', 'இருந்து', 'உடைய' போன்ற சொல்லுருபுகளை உருபாகக் கணக்கிடுவதா, தனிச்சொல்லாக விடுவதா என்பதைப் பொறுத்தும் கூட்டுத்தொகை மாறும். எண்ணிக்கை எப்போதும் எண்ணுகிறவரின் முடிவு.

இந்த வழி உண்மையில் சுவைப்பது உருபு வராத இடத்தில்தான். 'மரம் வெட்டினான்' என்பதும் 'மரத்தை வெட்டினான்' என்பதும் நம் காதுக்கு ஒன்றல்ல. முதலாவது ஒரு வேலையின் பெயர். இரண்டாவதில் குறிப்பிட்ட ஒரு மரம் விழுந்துவிட்டது. துருக்கியிலும் இதே கதை: புத்தகம் படித்தேன், அந்தப் புத்தகத்தைப் படித்தேன் என்ற வேறுபாட்டை உருபு வருவதும் வராததுமே காட்டும். உயர்திணை என்று வந்தால் தமிழ் கறாராகிவிடும். 'அவன் பார்த்தேன்' என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 'ஆள் அனுப்பினார்கள்' என்று சொல்லலாம், யார் என்பது முக்கியமில்லை என்றால். 'ஆளை அனுப்பினார்கள்' என்றதும் அந்த ஆள் நமக்குத் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். பின்னிஷ் இன்னும் நுட்பமாக, வேலை முடிந்ததா இல்லையா என்பதையே செயப்படுபொருளின் உருபில் காட்டுகிறது: ஓர் உருபு போட்டால் புத்தகத்தை முழுக்கப் படித்தாயிற்று, வேறு உருபு போட்டால் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு உருபுகளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு விதியைச் சேர்த்தால் போதும், மொழிக்கு ஒரு மனப்போக்கு வந்துவிடும். லொக்கா உயிருள்ளது என்பதால் 'ன்' கட்டாயம், கல்லுக்கு வேண்டாம், ஆற்றுக்கு? அந்த மக்கள் ஆற்றை உயிருள்ளதாக நினைக்கிறார்களா என்பதை உருபே சொல்லட்டும். பத்துப் பக்கத்தில் எழுதவேண்டிய பண்பாட்டுக் குறிப்பு ஒரு 'ன்'னில் அடங்கிவிடும்.

ஒட்டும் இடத்தையும் சும்மா விடக்கூடாது. மரம், ஐ இரண்டும் சேர்ந்து 'மரமை' ஆவதில்லை; நடுவில் அத்துச் சாரியை வந்து மரத்தை ஆகிறது. வீடு வீட்டை ஆகிறது, ஆறு ஆற்றை ஆகிறது. உருபு ஏற்கும்போது பெயர் வேறு அடி ஒன்றை எடுத்துக்கொள்வது மொழிக்கு வயதைக் கொடுக்கும். எல்லாச் சொல்லும் மாற்றமின்றி நேராக ஒட்டினால் நேற்றுச் செய்ததுபோல இருக்கும். பெயர்களை ஈற்றொலியைப் பார்த்து மூன்று வகையாகப் பிரித்து, ஒரு வகைக்கு மட்டும் இடையில் ஏதாவது ஒலி நுழையும்படி செய்தாலே நல்ல பலன். அதேபோல உருபுகள் எங்கிருந்து வந்தன என்பதற்கும் ஒரு கதை வையுங்கள். 'அவனிடம்' என்பதில் உள்ள 'இடம்' ஒரு காலத்தில் முழுப் பெயர்ச்சொல், இன்றும் தனியாகப் புழங்குகிறது. உங்கள் மொழியிலும் 'முதுகு', 'வயிறு', 'கை' போன்ற சொல் எதையாவது தேய்த்து இடப்பொருள் உருபாக்கலாம்.

கரைந்துபோன ஈறு

லத்தீன், சமஸ்கிருதம், ரஷ்யன் போல. ஒரே ஈறு வேற்றுமையையும் எண்ணையும் சில இடங்களில் பாலையும் சேர்த்துச் சொல்லும். அதைப் பிரித்தெடுக்க முடியாது. 'ஸெரு' ஒருமை எழுவாய் என்றால் 'ஸெரோம்' ஒருமைச் செயப்படுபொருள், 'ஸெரி' பன்மை எழுவாய், 'ஸெராஸ்' பன்மைச் செயப்படுபொருள். வேறொரு வகைப் பெயருக்கு இந்த நான்குமே வேறு.

தொலைக்காட்சித் தொடருக்காக டேவிட் பீட்டர்சன் செய்த உயர் வலீரியன் இந்த வழிக்கு நல்ல உதாரணம். எட்டு வேற்றுமை; ஒருமை, பன்மை தவிரச் 'சில' என்பதற்கும் 'மொத்தமாக' என்பதற்கும் தனி எண்; ஆக நான்கு எண். ஒரு பெயருக்கு 32 கட்டங்கள். ஆனால் பீட்டர்சன் 32 வெவ்வேறு வடிவங்களைச் செய்யவில்லை, பல கட்டங்களில் ஒரே வடிவம் வரும். லத்தீனிலும் நான்காம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் பன்மையில் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த ஒன்றிப்போதல்தான் அட்டவணையை நம்பும்படி ஆக்குகிறது. எல்லாக் கட்டமும் வெவ்வேறாக நிறைந்திருக்கும் அட்டவணையைப் பார்த்தாலே அது கையால் செய்தது என்று தெரிந்துவிடும்.

இதன் விலை கடுமை. புதுச்சொல் ஒன்று சேர்க்கும்போதெல்லாம் எந்த வகை என்று தீர்மானிக்க வேண்டும். கதையில் இறந்துபோன மொழி, சடங்கு மொழி, பழைய பேரரசின் கல்வெட்டு என்று குறைவாக வந்து கம்பீரமாகத் தோன்றவேண்டிய மொழி என்றால் இந்தச் செலவு தகும். செய்வதானாலும் நேரே அட்டவணையை நிரப்ப வேண்டாம். முதலில் ஒட்டும் உருபுகளோடு ஒரு பழைய மொழியைச் செய்து, அதன்மேல் ஐந்தாறு ஒலிமாற்ற விதிகளை ஓட்டுங்கள். ஈற்று உயிர் கெடும், மெய்கள் ஒன்றோடொன்று கரையும், பாதி உருபுகள் அடையாளம் தெரியாமல் போகும். மனித மொழிகளில் இது நடந்த விதமும் ஏறத்தாழ அதுதான்.

வினை சுமந்தால்

பெயர்களைத் தொடாமல் வினையில் இரண்டு அடையாளம் வைப்பது. சுவாஹிலியில் 'அலிம்வோனா' என்ற ஒரே சொல்லுக்கு 'அவர் அவரைப் பார்த்தார்' என்று பொருள்: 'அ' பார்த்தவர், 'லி' இறந்தகாலம், 'ம்வ' பார்க்கப்பட்டவர், 'ஓனா' பார். தமிழ் வினையில் எழுவாயின் திணை, பால், எண் மட்டும் தெரியும். அதில் செயப்படுபொருளுக்கும் ஓர் இடம் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளலாம்.

நம் சோதனை வாக்கியத்தில் வேடன் உயர்திணை, மான் அஃறிணை. வினை 'உயர்திணை அஃறிணையைப் பார்த்தது' என்று அடையாளம் காட்டினால் குழப்பமே இல்லை, எந்த உருபும் வேண்டாம். இரண்டு வேடர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால்? அங்கே உடைகிறது. வட அமெரிக்காவின் கிரீ மொழி இதற்கு ஓர் அழகான தீர்வு வைத்திருக்கிறது. கதையின் மையத்தில் உள்ள ஒருவர் 'முன்னால் நிற்பவர்', மற்ற படர்க்கையெல்லாம் 'பின்னால் நிற்பவர்' என்று பெயரில் அடையாளம் வரும். முன்னவர் பின்னவரைப் பார்த்தாரா, பின்னவர் முன்னவரைப் பார்த்தாரா என்பதை வினை காட்டும். கதைசொல்லும் மக்களுக்கென்று ஒரு மொழி செய்கிறவர் இதை விட்டுவைக்கக் கூடாது.

லொஜ்பானும் வினையை நம்பும் மொழிதான், வழி வேறு. 1987-இல் வேலை தொடங்கிய இந்தத் தருக்க மொழியில் ஒவ்வொரு வினைக்கும் எண்ணிட்ட இடங்கள் உண்டு. 'க்லாமா' என்ற சொல்லுக்கு ஐந்து: போகிறவர், போகும் இடம், புறப்பட்ட இடம், வழி, வாகனம். எந்த எண்ணில் எது என்பது அந்தச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் ஆக வேண்டும். வேர்ச்சொற்கள் 1,300-க்கும் மேல். வேற்றுமையை ஒழித்த திருப்தி இருக்கும். அந்தப் பாரம் அகராதிக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

யாரைக் குறிப்பது

உருபோ இடைச்சொல்லோ தேர்ந்த பிறகு இன்னொரு கேள்வி மிச்சம். 'வேடன் ஓடினான்', 'வேடன் மானைப் பார்த்தான்' இரண்டிலும் தமிழுக்கு வேடன் ஒரே மாதிரி. செயப்படுபொருள் மட்டும் அடையாளம் பெறுகிறது. பாஸ்க் மொழியில் இது தலைகீழ். செயப்படுபொருள் குன்றாவினையில் வரும் வேடனுக்குத்தான் 'க்' என்ற உருபு. மானும், ஓடுகிற வேடனும் உருபில்லாமல் நிற்பார்கள். இதை மொழியியலில் எர்கேட்டிவ் என்பார்கள். இந்தியில் பாதி எர்கேட்டிவ்: முற்றுப்பெற்ற செயலில் மட்டும் செய்தவருக்கு 'நே' வரும், வினையும் செயப்படுபொருளின் பாலையே பின்பற்றும். அவதார் படத்துக்காகப் பால் ஃப்ரோமர் செய்த நாவியில் மூன்றும் தனித்தனி. ஓடுகிறவருக்கு உருபில்லை, பார்க்கிறவருக்கு ஒன்று, பார்க்கப்பட்டவருக்கு ஒன்று. மனித மொழிகளில் வட அமெரிக்காவின் நெஸ் பெர்ஸ் போன்ற வெகு சிலவற்றில்தான் இப்படி.

அந்நியமாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் புனைமொழிக்காரர்கள் எர்கேட்டிவை அள்ளி எடுப்பதுண்டு. உருபை மட்டும் இடம் மாற்றினால் அது மேல்பூச்சுதான். வாக்கியங்களைக் கோக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். 'தாய் தந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்': தமிழில் எச்சத்துக்கும் முற்றுக்கும் ஒரே எழுவாய், திரும்பியது தாய். ஆஸ்திரேலியாவின் டிர்பல் மொழியில் இதற்கு நிகராக இரண்டு வாக்கியத்தைக் கோத்தால் திரும்பியது தந்தை. உருபில்லாமல் நிற்பவரே அடுத்த வினைக்கும் உரியவர் என்பது அங்கே விதி. எல்லா எர்கேட்டிவ் மொழிகளும் இவ்வளவு தூரம் போவதில்லை, உருபோடு நின்றுவிடுபவையே அதிகம். நீங்கள் போவதாக இருந்தால் 'ஸெருக் லொக்கா மிதே, ஓடு' என்பதில் ஓடியது மான்தான் என்று உறுதியாக எழுதிவையுங்கள். ஒரு கதை முழுக்க அதைக் காப்பாற்ற முடியுமா என்று மூன்று பத்தி எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. எனக்குப் பிடித்தது டிர்பலிலேயே இருக்கும் கலப்பு: 'நான்', 'நீ' போன்றவை தமிழ்போல நடக்க, பெயர்ச்சொற்கள் மட்டும் எர்கேட்டிவாக நடப்பது.

எத்தனை

ஒன்றுகூடச் சண்டைக்குப் போதும். பன்னாட்டுப் பொதுமொழியான எஸ்பெராண்டோவில் (1887) எழுவாய் தவிர ஒரே வேற்றுமை, செயப்படுபொருளுக்கு 'ன்'. அதே 'ன்' இடப்பொருளோடு வந்தால் 'வீட்டில்' என்பதை 'வீட்டுக்குள்' ஆக்கும். சிக்கனமான ஏற்பாடு. இருந்தும் அந்த ஓர் எழுத்தைச் சுற்றியே நூறாண்டுக்கும் மேலாக வாதம் நடக்கிறது. மொழியை உருவாக்கிய ஜாமென்ஹோஃப் 1894-இல் முன்வைத்த சீர்திருத்தத்தில் அது நீங்கியிருந்தது. வாக்கெடுப்பில் பயனர்கள் சீர்திருத்தத்தையே தள்ளிவிட்டார்கள். 1907-இல் பிரிந்த இடோ, செயப்படுபொருள் எழுவாய்க்கு முன்னால் வந்தால் மட்டும் 'ன்' போடச் சொன்னது. எஸ்பெராண்டோவைத் தாய்மொழிபோலக் கற்ற குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்த பெஞ்சமின் பெர்கன் 2001-இல் எழுதியதும் கவனிக்கத்தக்கது: அவர்கள் 'ன்'னை அடிக்கடி விட்டுவிட்டு, எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையில் நிலைத்துவிடுகிறார்கள். வரிசையும் உருபும் ஒரே தகவலைச் சொன்னால் பேசுகிறவர் ஒன்றைக் கைவிடுவார். பொதுமொழி செய்கிறவருக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடைக்காது.

எஸ்பெராண்டோவுக்கு முந்திய வோலாபூக்கில் நான்கு வேற்றுமை: வோல், வோலா, வோலெ, வோலி. உயிரெழுத்து வரிசையிலேயே உருபு வருவதால் மனப்பாடம் எளிது. மறுமுனையில் ஜான் கிஹாடாவின் இத்குயில்: 2004-இல் 81 வேற்றுமைகள், 2011 வடிவத்தில் 96. தன் மொழியைத் தன்னாலேயே சரளமாகப் பேச முடியாது என்று கிஹாடாவே சொல்லியிருக்கிறார். அது பேசுவதற்குச் செய்த மொழியும் இல்லை. சிந்தனையை எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கலாம் என்ற பரிசோதனை. அந்த நோக்கம் இல்லாதவர் 96-ஐப் பார்த்துப் பொறாமைப்படத் தேவையில்லை.

நாவல், விளையாட்டு, சொந்த நாட்குறிப்பு என்று போகிறவருக்கு என் எண்ணிக்கை இது: செயப்படுபொருள், உடைமை, பெறுபவர், இருக்குமிடம், நீங்கல், இவற்றோடு உங்கள் மக்களுக்கே உரிய விசித்திரமான ஒன்று. 'இன்னாருக்குப் பயந்து' என்பதற்கு மட்டும் ஓர் உருபு இருக்கலாம், 'இன்னது இல்லாமல்' என்பதற்கு இருக்கலாம். பின்னதைப் பின்னிஷும் எஸ்டோனியனும் வைத்திருக்கின்றன, ஆகவே நம்பமுடியாத ஒன்றும் இல்லை.

எதை எடுத்தாலும் பெயரெச்சத்தில் சோதிக்காமல் உறுதி செய்யாதீர்கள். 'மான் பார்த்த வேடன்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். மானைக் கண்ட வேடனா, மானின் கண்ணில் பட்ட வேடனா? இரண்டுக்கும் இடம் உண்டு, ஏனென்றால் அஃறிணையில் 'ஐ' மறையலாம் என்று நாமே விட்டுவைத்திருக்கிறோம். தெளிவு வேண்டுமானால் 'மானைப் பார்த்த' என்று உருபை வெளியே கொண்டுவருகிறோம். துருக்கி இதற்கு இரண்டு விதப் பெயரெச்சம் வைத்திருக்கிறது, பார்த்தவரை விவரிக்க ஒன்று, பார்க்கப்பட்டவரை விவரிக்க ஒன்று. வரிசையை மட்டும் நம்பும் மொழிக்கு இணைக்கும் சொல் ஒன்று கட்டாயம் தேவைப்படும். வினை சுமக்கும் மொழியில் திணை வேறானால் தானாகத் தீரும், ஒன்றானால் தீராது. உங்கள் மொழியில் 'ஸெரு', 'லொக்கா', 'மிதே' மூன்றையும் வைத்து இந்த இரண்டு பெயரெச்சத் தொடர்களையும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றுபோலவே வந்தால், அந்த மக்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஒரு விதி சேர்க்கலாம், அல்லது குழப்பத்தை அப்படியே விட்டுவிட்டு அவர்களை அதில் சிலேடை பேசவைக்கலாம்.